அம்மாவின் கட்டில் நுழையாத அறை

இரண்டு வருடத்துக்கு முன்பு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஊரில் தனியாக இருந்தவரை, அறுவை சிகிச்சை முடிந்ததும் இங்கே அழைத்து வந்தோம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு 650 சதுர அடி. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பின்னால் ஒரு சின்ன அறை. ஆம்புலன்ஸ் வருவதற்கு முதல் நாள் மனைவி கேட்டாள்: “என்னங்க, அத்தைக்கு அந்தச் சின்ன ரூம்ல கட்டில் போட முடியுமா?”

முடியவில்லை. கட்டில் ஆறடிக்கு மூன்றடி. அறையின் இரண்டு சுவர்களிலும் அலமாரி, தரையில் அட்டைப்பெட்டிகள், நடுவில் ஒருவர் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்கு வழி. எல்லாம் என் இசைத்தட்டுகள். அம்மா பதினொரு மாதம் கூடத்தில், டிவிக்கு எதிரே படுத்துக் கிடந்தார். பெட்பேன் வைக்கும் நேரத்தில் ஒரு பழைய புடவையைக் கயிற்றில் போட்டு மறைப்போம். யாராவது வந்துவிட்டால் அதுவரை வாசலிலேயே நிற்பார்கள்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. சேகரிக்கிற நண்பர்கள் நாலு பேர் கூடினால் “இடம் பத்தலை சார்” என்ற பேச்சு வராமல் இருக்காது. நானும் முப்பது வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வாக்கியமே தவறு என்று நினைக்கிறேன். இடம் இருந்தது. அது மற்றவர்களுடைய இடம். கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

என் முதல் எல்.பி.யை, அதாவது பெரிய பிளாஸ்டிக் இசைத்தட்டை, 1984-ல் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். கல்லூரியில் முதலாண்டு. கையில் இருந்த பணத்தைக் கொடுத்துவிட்டு, தட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் சென்ட்ரலிலிருந்து நடந்தே வந்தேன். அடுத்த வருடம் மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்து போனது. பழைய புத்தகம், இசைத்தட்டு, பழைய நாணயம் என்று வைத்திருந்தவர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். அந்தச் சமயத்தில்தான் வீடுகளில் கேசட் வந்து உட்கார்ந்தது. ரேடியோவும் தட்டு பிளேயரும் சேர்ந்த பெரிய ரேடியோகிராம்களை ஜனங்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். அதோடு இருபது முப்பது தட்டுகளும் சேர்ந்து வரும். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், பாலிடார், இன்ரெகோ, எக்கோ என்று லேபிள் பார்த்தே வாங்கினேன். வாங்குவது சுலபமாக இருந்த காலம் அது.

அம்மா வந்தபோது இருந்த கணக்கைச் சொல்கிறேன். எல்.பி. 1,400. 78 தட்டுகள், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள், 600. சில பாட்டுகளே அடங்கும் சின்ன இ.பி. 300. உறையோடு ஓர் எல்.பி. சுமார் 250 கிராம் வரும். 78 தட்டு அளவில் சின்னது, ஆனால் அரக்கில் செய்தது, கனம். ஒன்றுக்கு 200 கிராம் என்று வையுங்கள். மொத்தம் கிட்டத்தட்ட அரை டன். கட்டட வேலையில் இருக்கும் நண்பர் வந்து பார்த்துவிட்டு, வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் சுமையைக் கணக்கில் எடுப்பார்கள் என்றார். என் எல்.பி. அலமாரி நிற்கிற இடம் முக்கால் சதுர மீட்டர்கூட இல்லை. அதன் மேல் முந்நூறு கிலோவுக்கு மேல். உத்தரம் ஓடுகிற சுவரோரமாக இருந்ததால் பிழைத்தது என்றார். பரணில் அடுக்கியிருந்ததை அன்றைக்கே இறக்கச் சொன்னார். மேல்மாடி வீட்டுப் பரணில் மே மாதம் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்.பி. என்பது பிளாஸ்டிக். இறக்கிப் பார்த்தபோது பதினேழு தட்டுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன.

கட்டிலடியில் இருந்தவை இன்னும் மோசம். தட்டுகளைச் செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும், சாயக்கூடாது, படுக்கவைத்து அடுக்கவே கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், பலருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இடம் இல்லாததால் 78 தட்டுகளை ஐம்பது ஐம்பதாகப் படுக்கப் போட்டு அடுக்கினேன். அடியில், பல தட்டுகளில் பதிவான ஒரு நாடக செட்டில் மூன்று தட்டுகள் விரிசல் விட்டுவிட்டன. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தவற்றை ஒரு முறை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். எல்.பி.க்குச் செய்கிற பழக்கத்தில் கை போய்விட்டது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சு கறுப்பாக வந்தபோதுதான் உறைத்தது. மறுபடி கிடைக்காத தட்டு அது. பாதுகாக்கிறேன் என்று வீட்டில் வைத்துக்கொண்டு நான்தான் அதை அழித்தேன்.

அப்புறம் இன்னொரு கணக்குப் போட்டேன். இதுதான் என்னை உலுக்கியது. எல்.பி. ஒன்றுக்கு 45 நிமிடம். 78-ல் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறரை நிமிடம். இ.பி. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,185 மணி நேரம். நான் உட்கார்ந்து கேட்பது வாரத்தில் மூன்று நாள், அரை மணி அரை மணியாக. அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரு முறை கேட்டு முடிக்கப் பதினைந்து வருடம் ஆகும். எனக்கு இப்போது 58.

“எல்லாம் போனிலேயே இருக்கே, தூக்கிப் போடுங்க” என்கிறார்கள் இளையவர்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. இருக்கிறது என்று நினைக்கிறோம், பல இல்லை. இருப்பதிலும் எந்த வருடப் பதிவு, பக்கவாத்தியம் யார், எந்த லேபிள் என்பது இல்லை. கல்கத்தாவில் 1902-ல் பதிவான இந்துஸ்தானிப் பாடகி கவுஹர் ஜானின் பாட்டுகளில், பாடி முடித்ததும் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில் ஹானோவரில். அங்கே இருப்பவனுக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே. இப்படி ஒவ்வொரு தட்டும் அது செய்யப்பட்ட விதத்தைத் தானே சொல்லும். மணிக்கணக்கில் ராகம் வாசிக்கிறவர்கள் மூன்றேகால் நிமிடத்துக்குள் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்பதை ஊசி வைத்துக் கேட்டால்தான் புரியும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தை 78-ல் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதனால் தூக்கிப் போடு என்கிற யோசனை என் காதில் ஏறாது.

“பெரிய வீடா பாருங்க” என்பவர்களின் யோசனையும் ஏறாது. பெரிய வீடு போனால் அதுவும் நிறையும். தன் வீட்டு மாடியில் தனி அறையே கட்டியவரை எனக்குத் தெரியும். நாலு வருடத்தில் அந்த அறையின் படிக்கட்டிலும் பெட்டி ஏறிவிட்டது.

சேகரித்தவர் போன பிறகு என்ன ஆகிறது என்பதற்கு எல்லோரும் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்வார்கள். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று சேர்த்து வீட்டையே நூலகம் ஆக்கினார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தரமணியில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதை நினைத்தால் மனம் நிறையும். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். ஒரு ரோஜா முத்தையாவுக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்காது. என் நண்பரின் மாமா ஒருவர் 800 எல்.பி. வைத்திருந்தார். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் உறைகள் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போயின, தட்டுகள் பிளாஸ்டிக் கணக்கில் போயின. அந்த வீட்டுப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். எதற்கு என்ன மதிப்பு, யாரிடம் கொடுப்பது என்று அவர் ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் இருந்த இன்னொரு நண்பருக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. தட்டைக் கழுவிவிடலாம். கூழாகிப் போன உறையையும் உரிந்து வந்த லேபிளையும் என்ன செய்வது?

ஆக, அலமாரிக்கு முன்னால் வர வேண்டியது பட்டியல். நான் தாமதமாகத்தான் தொடங்கினேன். ஐந்து மாதம், தினம் இரவு ஒன்றரை மணி நேரம். லேபிள், எண், பாடியவர், பக்கவாத்தியம், தட்டின் நிலை. எழுதி முடித்தபோது 212 தட்டுகள் இரட்டை, அதில் சில மூன்று பிரதிகள். ஒரே தட்டை மூன்று முறை காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன், இருப்பது தெரியாமல். அந்தப் பட்டியலை ஓர் ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பினேன். அவர்களிடம் இல்லாத 112 தட்டுகளை மட்டும் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். அதுதான் முறை. அதற்கு முன்பு வேறொரு இடத்தில், பெயர் வேண்டாம், ஒரு பெரியவர் கொடுத்த தட்டுகள் சாக்கில் கட்டியபடியே மூன்று வருடம் மாடிப்படி அடியில் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். மொத்தமாக வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டால் புண்ணியம் சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். யார் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மீதி 78-ல் பெரும்பகுதியை மதுரைப் பக்கத்து இளைஞர் ஒருவருக்குக் கொடுத்தேன். எல்.பி. ஊசியை 78-ல் வைக்கக்கூடாது, பள்ளம் அகலம், அதற்குத் தனி ஊசி வேண்டும் என்று அவரே சொன்னார். அது போதும் எனக்கு. எல்.பி.யில் 500 வைத்துக்கொண்டேன். அதிலும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஓய்வு பெற்றபின் தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு சுற்று வரும். புதிதாக ஒன்று வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.

அம்மா இப்போது அந்தச் சின்ன அறையில் ஜன்னலோரம் இருக்கிறார். வாக்கரை வைத்து நடக்கிறார். அவருக்குப் பிடித்தது கே.பி. சுந்தராம்பாள். சாயங்காலம் “தம்பி, அந்த அம்மா பாட்டைப் போடு” என்பார். அந்தத் தட்டுகளைக் கொடுக்கவில்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அலமாரியை நகர்த்தியபோது பால்கனிக்குப் போகும் கதவு பல வருடம் கழித்து முழுசாகத் திறந்தது. அங்கே பிளாஸ்டிக் தாள் சுற்றி மனைவியின் தையல் மெஷின் இருந்தது. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. அக்கம்பக்கத்தில் ரவிக்கை தைத்துக் கொடுத்து மாதம் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். 2009-ல் இரண்டாவது அலமாரி வந்தபோது “கொஞ்ச நாள் வெளியே இருக்கட்டும்” என்று நான்தான் நகர்த்தினேன். மழைச்சாரலில் சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. பதினைந்து வருடத்துக்கும் மேல் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வீடுகளில் சேகரிக்கிறவர் பெரும்பாலும் ஆணாக இருக்கிறார். அதற்காகச் சுருங்கிக்கொள்கிறவர் யார் என்று அவரவர் வீட்டில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். பீரோ எங்கே போனது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, பூஜை அலமாரி ஏன் அடுப்படிக்குள் வந்தது என்று.

மெஷினைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். புது பெல்ட்டும் பாபின் கேஸும் போட்டு, வரும் பதினைந்தாம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதை வைக்கிற இடத்தில் இன்னும் இரண்டு பெட்டி இ.பி. இருக்கிறது, மொத்தம் 140. பட்டியல் தயார். காசு வேண்டாம். வீட்டில் ஓடுகிற பிளேயர் இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். வேண்டியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், பதினான்காம் தேதிக்குள்.