அடைப்புக்குறிக்குள் ஒரு முதல்வர்

நான் பணியாற்றி ஓய்வுபெற்ற அரசுக் கலை மற்றும் அறிவியல் கல்லூரியின் முதல்வர் அறையில், நாற்காலிக்குப் பின்னாலுள்ள சுவரில், இதுவரை முதல்வராக இருந்தவர்களின் பெயர்களை எழுதிய தேக்குப் பலகை ஒன்று தொங்குகிறது. மேலே உள்ள பெயர்களுக்கு எதிரே நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று காலம் எழுதப்பட்டிருக்கும். கீழே வர வர எழுத்து பொடியாகிக்கொண்டே போகும். ஒரே ஆண்டில் இரண்டு பேர், மூன்று பேர் என்று நெருக்கி எழுத வேண்டியிருந்ததால் பெயிண்டர் வேறு என்ன செய்வார்? அந்தப் பொடி எழுத்துப் பெயர்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் "(பொ)" என்று இருக்கும்; பொறுப்பு, அதாவது நிரந்தர முதல்வர் வரும் வரை தற்காலிகமாக நாற்காலியைப் பார்த்துக்கொண்டவர் என்று பொருள். என் பெயரும் அங்கே இருக்கிறது, பதினான்கு மாதங்களுக்கு, அந்த ஓரெழுத்தோடு.

கடந்த வாரம் அதே கல்லூரிக்கு இன்னொரு பொறுப்பு முதல்வரும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராக ஒரு பொறுப்பாளரும், மூன்று துறைகளுக்குப் பொறுப்புத் தலைவர்களும் நியமிக்கப்பட்டிருக்கும் செய்தி எங்கள் பழைய ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் வந்தது. பூங்கொத்துப் படங்களுக்கு நடுவே நானும் ஒரு வாழ்த்தைப் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனம் ஒப்பாமல்தான் இதை எழுதுகிறேன்.

பொறுப்பு நியமனமே கூடாது என்பது என் கட்சியன்று. முதல்வர் நீண்ட மருத்துவ விடுப்பில் போகலாம், மண்டல இணை இயக்குநராக மாறுதலாகலாம், இறந்தும் போகலாம். மறுநாள் சம்பளப் பட்டியலில் கையெழுத்திட ஓர் ஆள் வேண்டும். கல்லூரியில் பணிமூப்பு உள்ளவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பது எல்லா அரசு அலுவலகங்களிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் பலகையிலுள்ள "(பொ)"க்களில் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட அப்படித் திடீரென்று நேர்ந்ததில்லை. அத்தனையும் வயது முதிர்வு ஓய்வினால் வந்த காலியிடங்கள். ஓர் அரசு ஊழியர் எந்த மாதத்தின் கடைசி நாளில் வீட்டுக்குப் போவார் என்பது, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியாக ஏறிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாகக் கோப்பில் இருந்த தேதி வந்து வாசலில் நிற்கும்போது, அடுத்தவர் யார் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது?

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. தமிழக அரசு ஓய்வு வயதை 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்த்தியது. அந்த இரண்டு ஆணைகளுக்கும் சேர்ந்த விளைவாக, 2020 மே முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு வயது காரணமாக ஓய்வுபெறுவோர் அனேகமாக இல்லை. பணிமூப்புப் பட்டியலைச் சரிபார்க்கவும், முதல்வர் பதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியலான பேனலைத் தயாரித்து வைக்கவும் இதைவிட நல்ல அவகாசம் இனி வாய்க்கப்போவதில்லை. அந்த அவகாசம் கழிந்து 2022 கோடையில் ஓய்வுகள் மறுபடி தொடங்கியபோது நாங்கள் பார்த்தது என்னவோ பழைய காட்சியைத்தான்.

பேனல் ஏன் தாமதமாகிறது என்றால் காரணம் சொல்ல ஆள் பஞ்சமில்லை. முனைவர் பட்டம் பெற்ற தேதியில் தகராறு, பணிவரன்முறையில் தகராறு, யாரோ ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)வின் கீழ் நிலுவையில் இருக்கும் குற்றச்சாட்டு, இவற்றின் மேல் ஒரு ரிட் மனு. கேரளத்திலும் அரசுக் கல்லூரி முதல்வர்களுக்காகத் தயாரித்த 43 பேர் கொண்ட பட்டியல் 2023ஆம் ஆண்டில் பெரிய சர்ச்சையாகித் தீர்ப்பாயம் வரை போனது. ஆகவே இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்குகள் இருப்பது தெரிந்தும், ஒவ்வொரு முறையும் வழக்கு வந்த பிறகே விழித்துக்கொள்வதற்கு வழக்குப் போட்டவர் பொறுப்பல்லர். பேனல் வெளிவரும்போது அதில் முதலில் இருக்கும் சிலர் ஓய்வுபெற்றிருப்பார்கள். மற்றவர்களில் சிலருக்கு ஏழு மாதம், எட்டு மாதம்தான் மீதமிருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைகள் முதல்வர் பதவிக்கு முனைவர் பட்டம், 15 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள் என்று கேட்டுவிட்டு, ஐந்து ஆண்டுப் பதவிக்காலத்தையும் மறுமுறை வாய்ப்பையும் சொல்கின்றன. ஐம்பத்தொன்பதரை வயதில் முதல்வராகிறவர் அந்த ஐந்தாண்டை எங்கே போய் அனுபவிப்பது?

என் பதினான்கு மாதங்களைப் பற்றிச் சொன்னால்தான் இது வெறும் பதவிப் பேச்சல்ல என்பது விளங்கும். எனக்கு வந்த ஆணையின் சாரம் இரண்டே வரிதான்: மறு உத்தரவு வரும் வரை முழுக் கூடுதல் பொறுப்பு. "கூடுதல்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். என் வரலாற்று வகுப்புகள் அப்படியே இருந்தன, துறைத்தலைவர் வேலையும் இருந்தது, அவற்றின் மேல் முதல்வர் வேலை வந்து உட்கார்ந்தது. முந்தையவர் ஓய்வுபெற்ற மாலையில் கண்காணிப்பாளர் ஒரு பெரிய சாவிக்கொத்தையும் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தையும் என் முன்னால் வைத்தார். கொத்தில் நான்கு சாவிகள் எந்தப் பூட்டுக்கு உரியவை என்று யாருக்கும் தெரியவில்லை. "அது இருக்கட்டும் சார், எல்லாரும் அப்படியே வாங்கி அப்படியேதான் கொடுத்திருக்காங்க" என்றார் அவர். நானும் அப்படியே வாங்கி, பதினான்கு மாதம் கழித்து அப்படியே கொடுத்தேன்.

அதிகாரிகள் கையெழுத்திடும் பச்சை மைப் பேனா வந்துவிட்டது. கருவூலத்துக்கு வேண்டிய டிஜிட்டல் கையொப்பம் வரவில்லை. பணம் பெற்று வழங்கும் அலுவலராக என் பெயர் இணையத்தில் ஏறும் வரை அந்த மாதச் சம்பளப் பட்டியல் நின்றது. நிரந்தரப் பணியாளர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டோம். மாதம் 25,000 ரூபாயில் குடும்பம் நடத்திவந்த கௌரவ விரிவுரையாளர்களின் பட்டியலும் அதே கையொப்பத்துக்காகத்தான் காத்திருந்தது. அவர்களில் ஒருவர் என் அறைக்கு வந்து, சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "சார், உங்க ஓடிபி வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அந்தச் சுற்றுச்சுவர். ஐப்பசி மழையில் விளையாட்டுத் திடலை ஒட்டிய சுவர் பதினைந்தடி அளவுக்கு விழுந்தது. பொதுப்பணித் துறைக்கு மதிப்பீடு கேட்டு எழுதினேன். நிதி ஒப்புதல் வேண்டி மேலே எழுதினேன். நினைவூட்டும் கடிதங்களும் எழுதினேன். எதிர்முனையில் இருந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த மாதம் வேறொருவர் வந்து உட்காரக்கூடிய நாற்காலியிலிருந்து வரும் கடிதத்துக்கு என்ன அவசரம்? வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப்போட்டு அந்த இடைவெளியை அடைத்தோம். நான் பொறுப்பை ஒப்படைத்த நாளிலும் அந்த முள் அங்கேதான் கிடந்தது, காய்ந்து, ஆடு நுழையும் அளவுக்கு வழி விட்டு.

சுவரையாவது முள்ளால் அடைக்கலாம். சக ஊழியர்களிடம் கண்டிப்பு காட்டுவது இன்னும் கடினம். இன்று வகுப்புக்கு வராத ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தால், நாளைக்கு ஸ்டாஃப் ரூமில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் நான் உட்கார வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கொடுக்கவில்லை. அதை நியாயப்படுத்தவும் இல்லை.

புதிதாகத் தொடங்கப்படும் கல்லூரிகளின் நிலை இதைவிட மெலிவு. பள்ளி வளாகத்திலோ வேறு தற்காலிகக் கட்டடத்திலோ வகுப்பு தொடங்கும். பக்கத்து ஊர் முதல்வர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போவார். அங்கே சேரும் பிள்ளைகளில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்கும், கல்வி உதவித்தொகைக்கும், பேருந்துப் பயண அட்டைக்கும் கல்லூரி ஒப்புதல் வேண்டும். பொறுப்பு முதல்வர் வரும் நாளுக்காகப் படிவங்கள் மேசையில் காத்திருக்கும்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் பல்கலைக்கழகங்களைக் காட்டுவார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, பொறுப்புக் குழுக்களே நெடுங்காலம் நிர்வாகத்தைப் பார்த்தன. துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கும் தேடுதல் குழுவில் மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டுமா என்ற ஆளுநர்–அரசு மோதல், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், ஆளுநர் நிறுத்திவைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று சொன்ன பிறகும் முடியவில்லை. அடுத்த மாதமே துணைவேந்தர் நியமனச் சட்டத்திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மோதலில் நான் மாநில அரசின் பக்கம்தான். பல்கலைக்கழகத்தைத் தலையில்லாமல் வைத்திருப்பது மாணவர்களுக்குச் செய்யும் அநீதி என்று அரசு சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அரசுக் கல்லூரி முதல்வரை நியமிக்க ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. கோப்பு கல்லூரிக் கல்வி இயக்ககத்தில் புறப்பட்டுக் கோட்டையில் முடிகிற பயணம். நடுவில் ஆளுநர் மாளிகை கிடையாது. துணைவேந்தர் விஷயத்தில் நாம் பேசிய நியாயத்தை முதல்வர் விஷயத்தில் நம்மிடமே பேச வேண்டியிருக்கிறது.

பொறுப்பு முதல்வர்கள் மேலிடத்துக்கு வசதியானவர்கள் என்பதால்தான் இப்படி நடக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஆணையில் காலவரையறை இல்லாதவர், ஒரு தொலைபேசி அழைப்பில் மாற்றப்படக்கூடியவர், எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார் என்பது உண்மை, நானே மறுப்புச் சொன்னதில்லை. ஆனால் இதைச் சதி என்று நம்புமளவுக்கு எனக்கு நிர்வாகத்தின் திறமையில் நம்பிக்கை கிடையாது. பெரும்பாலும் இது மெத்தனம்தான்.

பொறுப்பு நியமனம் தவிர்க்க முடியாததென்றால் அந்த ஆணையையாவது ஒழுங்காக எழுதலாம். "மறு உத்தரவு வரும் வரை" என்பதற்குப் பதிலாக ஆறு மாதம் என்று ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று கோப்பில் காரணம். நிதியிலும் ஒழுங்கு நடவடிக்கையிலும் முழுநேர முதல்வருக்குள்ள அதிகாரம் இவருக்கும் உண்டு என்று ஒரு வரி. டிஜிட்டல் கையொப்பத்துக்கான விண்ணப்பம் முந்தையவர் ஓய்வுபெறுவதற்கு ஒரு மாதம் முன்பே போக வேண்டும் என்ற ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பிலிருந்து விடுவிப்பு. இணைப் பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரக் கற்பித்தல் என்பது மானியக் குழுவின் அளவு. அந்தப் பதினான்கு மணி நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒருவர் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் கல்லூரியை நடத்தினால் இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்கும். எனக்கு எது பொய்யானது என்பதை என் அந்த ஆண்டு மாணவர்கள் அறிவார்கள். அதே ஒழுங்குமுறைகளில், மூத்த ஆசிரியர் ஒருவரை இரண்டு ஆண்டுக்குத் துணை முதல்வராகக் குறிக்கலாம் என்றும் இருக்கிறது. நான் பணியாற்றிய காலத்தில் எங்கள் கல்லூரியில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. இருந்திருந்தால், அந்த நான்கு சாவிகளில் ஒன்றுக்காவது பூட்டு தெரிந்திருக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது புதிய பொறுப்பு முதல்வரே தொலைபேசியில் அழைத்தார். எனக்குப் பின்னால் பணியில் சேர்ந்தவர், புவியியல் துறை. மாணவர்கள் அவருடைய வகுப்புக்கு இடம்பிடித்து உட்காருவார்கள். வாழ்த்தை வாங்கிக்கொண்டு, சற்றுத் தயங்கி, "சார், மூன்றாம் ஆண்டுக்கு வரைபடப் பயிற்சி வகுப்பு பாதியில் நிக்குது. ரெண்டையும் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டார்.

"சுவரைக் கட்டிட்டாங்களா மேடம்?" என்று நான் கேட்டேன்.

எந்தச் சுவர் என்று அவருக்குப் புரியவில்லை. திடலை ஒட்டிய பக்கம் என்று சொன்னேன். "அதுவா சார், அங்கே முள் அடைச்சிருக்கு" என்றார்.