சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் என் நன்கொடை

நகரத்தில் வீடின்றித் தெருவோரம் வாழ்பவர்களுக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பி வருகிறேன். தொடக்கத்தில், "உணவுக்கும் போர்வைக்கும் மட்டுமே பயன்படுத்துக" என்று ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதிவிடுவேன். அலுவலக வாடகைக்கோ ஊழியர் சம்பளத்துக்கோ ஒரு காசும் போய்விடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

அந்த நிறுவனத்தின் களப்பணியாளர் ஒருவருடன் ஓர் இரவு சுற்றிவந்த பிறகுதான் அந்தக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினேன். பூட்டிய கடையொன்றின் படியில் படுத்திருந்த முதியவர், நாங்கள் நீட்டிய போர்வையை வாங்கவில்லை; முகத்தையும் திருப்பிக்கொண்டார். பணியாளர் சற்றுத் தள்ளி அமர்ந்து, நாளை மறுநாள் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். ஆறு வாரங்களாக இப்படித்தான் என்றார். அந்தப் பெரியவர் தம் காலிலிருந்த புண்ணுக்கு மருந்திட இசைந்ததற்கு மேலும் இரண்டு மாதங்கள் ஆயின என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு வருவது இன்னும் நீண்ட வேலை. அடையாள அட்டைக்கு முகவரி கேட்பார்கள். நடைபாதைக்கு முகவரி கிடையாது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் உதவித்தொகை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க, அவருடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் குடும்பம் உண்டு. சம்பளம் போதாமல் அவர் வேறு வேலைக்குப் போனால், மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையும் அவரோடு போய்விடுகிறது. புதிதாக வருபவர் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், குடியை நிறுத்தினால்தான் வீடு, சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டால்தான் வீடு என்ற நிபந்தனைகளை விலக்கி, முதலில் வீட்டைக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். பின்லாந்து 2008 முதல் அதைத் தேசியக் கொள்கையாகவே மேற்கொண்டு, பழைய தங்கும் விடுதிகள் பலவற்றை நிலையான குடியிருப்புகளாக மாற்றியது. சாவியைக் கொடுப்பதோடு இம்முறை முடிந்துவிடுவதில்லை. குடியேறியவர் வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளத் துணையாகப் பணியாளர்கள் தொடர்ந்து சென்று பார்க்கிறார்கள். என் பழைய குறிப்பின்படி பார்த்தால், இந்தப் பணியாளர்களுக்கான செலவு முழுவதும் வீண் செலவாகிவிடும்.

மொத்தச் செலவில் வாடகை, சம்பளம் போன்ற நிர்வாகச் செலவின் பங்கை மட்டும் வைத்துத் தொண்டு நிறுவனங்களை எடைபோட வேண்டாம் என்று, அவற்றை மதிப்பிடும் மூன்று அமெரிக்க அமைப்புகளே 2013இல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த மடல் எழுதின. இதனால் கணக்கே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தணிக்கை அறிக்கையைக் கட்டாயம் கேட்கலாம். தர மறுக்கும் நிறுவனத்துக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது சிறிய தொகையாயினும் மாதந்தோறும், எந்த நிபந்தனையும் இன்றி அனுப்புகிறேன். அடுத்த மாதமும் பணம் வரும் என்று தெரிந்தால்தான் அவர்களால் ஒருவரை வேலைக்கு வைக்க முடியும். எத்தனை பொட்டலம் கொடுத்தீர்கள் என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். சென்ற ஆண்டு வீட்டுக்குள் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறேன்.