ஏணி திரும்பட்டும், கேமரா திரும்ப வேண்டாம்

தீபாவளி மேடைக்குக் குறும்படம் எடுக்கும் மொரீசியஸ் தமிழ்ப் பிள்ளைகளே, வசனமே இல்லாத ஸ்லாப்ஸ்டிக் படம், அதாவது அடியும் தடுமாற்றமுமாகச் சிரிக்க வைக்கும் படம் எடுங்கள். பாட்டிக்குக் கொஞ்சம் தமிழ், மற்றவர்களுக்குக் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என்று இருக்கும் கூட்டம் இது. காட்சிகளுக்கு நடுவே மூன்று மொழியிலும் எழுத்து அட்டை போட்டால் படித்து முடிப்பதற்குள் சிரிப்பு ஆறிப்போகும். ஆறு நிமிடப் படத்துக்கு இரண்டு அட்டை தாராளம்.

படத்தைக் கெடுப்பது குளோசப். 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முன்சுவர் அப்படியே சாய, மாடி ஜன்னல் இருந்த இடைவெளியில் மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் தப்பி நிற்பார். சுவரும் ஆளும் ஒரே ஷாட்டில் தெரிவதால்தான் இன்றும் மூச்சு நிற்கிறது. தலை முதல் கால் வரை பிரேமுக்குள் இருக்கட்டும்.

ஏணிக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். தோளில் ஏணியோடு நிற்பவனை யாரோ கூப்பிட, திரும்புகிறான். பின்முனை, தெருவில் தால் பூரி (பருப்பு வைத்த ரொட்டி) விற்பவர் தலைக்கு வருகிறது. குனிந்து தப்பிக்கிறார், நிமிர்கிறார், ஏணி திரும்பி வருகிறது, அடி. முதலில் தப்பித்தால்தான் அடுத்த அடிக்குச் சிரிப்பு வரும். மூன்று மீட்டர் மூங்கில் ஏணி போதும். அடிக்கிற முனையில் அரை மீட்டரை அறுத்துவிட்டு, அதே அளவுக்கு ஸ்பாஞ்சில் செய்து மர நிறம் பூசி ஒட்டுங்கள். ஏணிக்காரர் ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும். பூரிக்காரர்தான் எண்ணுவார்: ஒன்றில் குனி, மூன்றில் நிமிர், நாலில் அடி. பெரும்பாலும் சொதப்புவது இந்த இடத்தில்தான். அடி வரப்போகிறது என்று தெரிந்தவர் கண்ணை முன்கூட்டியே மூடிவிடுவார். கைக்கு வேலை கொடுங்கள். பூரியை மடித்துக் காகிதத்தில் சுற்றுவதிலேயே அவர் கண் இருக்கட்டும்.

வினாடிக்கு 20 பிரேமில் (அதாவது 20 படங்களாக) எடுத்து 25இல் ஓட்டினால் அசைவின் வேகம் கால் பங்கு கூடும். 25இல் எடுத்து எடிட்டிங்கில் வேகம் கூட்டினால் இடையிடையே பிரேம் விழுந்து, ஏணி தத்தித் தத்திப் போகும். 16க்கு மட்டும் இறங்காதீர்கள், ஆள் பொம்மையாகிவிடுவார்.

மேட்டு நிலத்து ஊரான கியூர்பிப்பில் தூறல் வந்து வந்து போகும், வெளிச்சம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். போர்ட் லூயிஸ் காலை வெயில் நல்லது.

'டொய்ங்' சத்தமெல்லாம் தயவுசெய்து வேண்டாம். மிருதங்கம் வாசிப்பவரைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்குப் படத்தை முன்கூட்டியே பலமுறை போட்டுக் காட்டுங்கள். ஏணி திரும்பும்வரை வாசிக்கட்டும்; அடி விழும் நொடியில் கையை நிறுத்திவிட வேண்டும், அந்த இடம் கூட்டத்தின் சிரிப்புக்கு.