சின்ன பட்ஜெட்டில் டவுன்லோடு வாங்காதீர்கள்

தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ மொபைல் கேம் செய்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "கேம் ரெடி. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. எதில் விளம்பரம் போடலாம்?" என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தில் டவுன்லோடு வாங்காதீர்கள்.

விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஒரு பிளேயர் உள்ளே வந்தால் அடுத்த சில மாதங்களில் அவரால் எவ்வளவு வருமானம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளும் அதே ஏலத்தில்தான் நிற்கின்றன. ஒரு இன்ஸ்டாலுக்கு நம்மைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நமக்கு ஆகாது. இது போதாதென்று, யாருக்கு விளம்பரத்தைக் காட்டுவது என்று சிஸ்டம் கற்றுக்கொள்ளவே ஒரு ஆட் செட்டுக்கு, அதாவது ஒரே இலக்கோடு ஓடும் விளம்பரத் தொகுப்புக்கு, வாரத்தில் சுமார் 50 ரிசல்ட் (நமக்கு இன்ஸ்டால்) வேண்டும் என்கிறது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா. இருக்கிற சொற்பத்தை ஐந்து நாடு, நாலு வீடியோ என்று பிரித்துப் போட்டால் எதுவுமே அந்த எண்ணிக்கையைத் தொடாது. சிஸ்டம் கற்று முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிடும். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்ததிலிருந்து, பிற ஆப்களிலும் ஒருவரைப் பின்தொடர அவரிடமே அனுமதி கேட்க வேண்டும். அதன்பிறகு ஐபோனில் சரியான ஆளைக் குறிவைப்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பின்னே அந்தப் பணம் எதற்கு? உங்கள் கேமில் எது ஆளை நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்வதற்கு. ஒரு புதிர் கேமை எடுத்துக்கொள்வோம். இரண்டு விளம்பர வீடியோவை ஓட்டிப் பாருங்கள். ஒரு வீடியோ லோகோவில் தொடங்குகிறது. இன்னொன்றில் முதல் நொடியிலேயே ஒரு கட்டை வாசலுக்கு ஒரு கட்டம் முன்னால் சிக்கி நிற்கிறது. விரல் அதைத் தவறான பக்கம் தள்ளுகிறது. பார்ப்பவருக்கு "அட, இந்தப் பக்கம் தள்ளப்பா" என்று கை பரபரக்கும். முதல் மூன்று நொடியைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும். அதே நாடு, அதே தொகை. ஜெயித்தது எது என்று தெரிந்ததும் அந்தக் காட்சியைக் கொண்டுபோய் ஸ்டோர் பக்கத்தின் முதல் ஸ்கிரீன்ஷாட்டாக வையுங்கள். விளம்பரம் நின்ற பிறகும் அது உழைக்கும்.

ஸ்டோர் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். காசே கேட்காத விளம்பரப் பலகை அது. இரண்டு ஸ்டோரிலும் பெயருக்கு 30 எழுத்துதான். கூகுள் ப்ளேயில் சுருக்க விளக்கத்துக்கு 80. ஆப்பிளில் வெளியே தெரியாத கீவேர்டு (தேடல் சொல்) கட்டத்துக்கு 100. கூகுள் நீண்ட விளக்கத்தையும் தேடலுக்கு எடுத்துக்கொள்கிறது, ஆப்பிள் எடுத்துக்கொள்வதில்லை. இது தெரியாமல் ஒரே பத்தியை இரண்டிலும் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

விளம்பரத்துக்கு முன்னால் கிராஷ் விகிதத்தைப் பாருங்கள், அதாவது கேம் எத்தனை பேருக்குப் பாதியில் தானாக நின்றுபோகிறது என்று. தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கிராஷைச் சந்தித்தால், கூகுள் ப்ளே உங்கள் கேமைத் தேடலிலும் பரிந்துரையிலும் கீழே இறக்கலாம். அந்த நிலையில் காசு கொடுத்து ஆள் கூட்டி வந்தால் கிடைப்பது ஒற்றை ஸ்டார் ரிவ்யூதான்.

இன்னொன்று. 2023 நவம்பருக்குப் பிறகு கூகுள் ப்ளேயில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், கேமை வெளியிடும் முன், நாம் அழைத்தவர்கள் மட்டும் ஆடிப் பார்க்கும் மூடிய சோதனை நடத்த வேண்டும். முதலில் 20 டெஸ்டர்கள் என்று இருந்தது, இப்போது 12. தொடர்ந்து 14 நாள். இதைத் தொல்லையாக நினைத்து, முகம் தெரியாதவர்களிடம் "நீ என்னுடையதை இன்ஸ்டால் செய், நான் உன்னுடையதைச் செய்கிறேன்" என்று பேசி டெஸ்டர் எண்ணிக்கையை நிரப்பிவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய வாய்ப்பை இழக்கிறார்கள்! அந்தப் பன்னிரண்டு பேர் அந்த வகை கேமை நிஜமாகவே ஆடுபவர்களாக இருக்கட்டும். அதில் ஒருவர் ஆடும்போது பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இரண்டாவது லெவலில் அவர் விரல் திரைக்கு மேலே அப்படியே நிற்கும். எதைத் தொடுவது என்று புரியவில்லை. எந்த அறிக்கையும் இவ்வளவு துல்லியமாகக் காட்டாது.

"அமாங் அஸ் தானாக ஓடவில்லையா?" என்று கேட்பார்கள். அந்த கேம் 2018 ஜூனில் வந்தது. உலகம் முழுக்கப் பரவியது 2020இல், தாங்கள் ஆடுவதை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்கள் கையில் எடுத்த பிறகு. அந்த இரண்டு வருடமும் மூன்று பேர் குழு அதைக் கைவிடாமல் அப்டேட் செய்துகொண்டிருந்தது. நீங்களும் உங்கள் வகை கேமையே ஆடும் சின்ன சேனல்களாகத் தேடுங்கள். அவர்களின் பழைய வீடியோ ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிட்டு மெயில் எழுதுங்கள். பெயரை மட்டும் மாற்றி நூறு பேருக்கு அனுப்பும் மெயிலை யாரும் திறப்பதில்லை. காசுக்கு இன்ஸ்டாலும் ரிவ்யூவும் விற்பவர்கள் பக்கம் போகவே போகாதீர்கள். அது ஸ்டோர் விதிக்கு எதிரானது, கேமே நீக்கப்படலாம்.

வெளியீட்டு நாளன்று மொத்தப் பணத்தையும் இறக்க ஆசை வரும். வேண்டாம். முதல் அப்டேட் வரும்வரை பாதிக்கு மேல் கையில் இருக்கட்டும். அதற்குள் ஏழாம் நாளும் திரும்பி வந்து ஆடுபவர்கள் எந்த நாட்டில் அதிகம் என்று ஓரளவு தெரிந்துவிடும். மிச்சப் பணத்தை அந்த ஒரே நாட்டில், ஜெயித்த அந்த ஒரே வீடியோவுக்கு, ஒரே வாரத்தில் போடுங்கள். அப்போது மெட்டா கேட்கும் அந்த 50 ரிசல்ட் எட்டும் தூரத்துக்கு வரும்.