ஸ்டீயரிங் எங்கன்னு கேக்குறவங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க

"தண்டவாளத்து மேல தானே போகுது, இதுல நீ என்னத்த ஓட்டுற?" நான் வீட்ல கம்ப்யூட்டர்ல டிரெயின் சிமுலேட்டர் ஓட்டறவ, அதாவது நிஜ ரயில ஓட்டற மாதிரியே இருக்கற கேம். இந்தக் கேள்விய இன்னொருக்கா யாராச்சும் கேட்டா சத்தியமா கத்திருவேன். சொந்தக்காரங்க கேட்டாச்சு, ஆபீஸ்ல கேட்டாச்சு, சிலிண்டர் போட வந்த அண்ணன் கூட எட்டிப் பாத்துட்டு கேட்டுட்டுப் போயிட்டாரு. சங்ககிரி மாமா அதுக்கும் ஒரு படி மேல, ஸ்கிரீன் கிட்ட குனிஞ்சு பாத்துட்டு "ஏன் அம்மணி, இதுல ஸ்டீயரிங்கயே காணோம்?"ங்கறாரு. மாமா, நீங்க சங்ககிரில ஏறி சேலம் ஜங்ஷன்ல இறங்கித்தானே எங்க வீட்டுக்கு வந்தீங்க, உங்கள கொண்டாந்து விட்டவரு என்ன ஸ்டீயரிங் புடிச்சா கொண்டாந்து விட்டாரு?

ரயில ஓட வைக்கிறதுல ஒரு மண்ணும் இல்லைங்க, நிறுத்துறதுலதான் இருக்கு மொத்த வித்தையும். இத வாயால சொன்னா யாருக்கும் ஏற மாட்டேங்குது, அதான் எழுதறேன், பொறுமை இருந்தா படிங்க.

கார்ல பிரேக்க அமுக்குனா அப்பவே புடிக்கும். ரயில்ல அப்படி இல்ல. எஞ்சின்ல இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு பைப் ஓடுது, அதுல எந்நேரமும் 5 கிலோ பிரஷர்ல காத்து நிக்கும். பிரேக் போடறதுன்னா அந்தக் காத்த வெளிய விடறது. ஏ-9னு ஒரு கைப்பிடி இருக்கு, அத லேசா நகத்துனா பிரஷர் காட்டற முள்ளு 5ல இருந்து நாலரைக்கு இறங்கும், ஆனா வண்டி அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஏன்னா முன்னாடி விட்ட காத்தோட சேதி பின்னாடி பெட்டிக்குப் போய்ச் சேரவே செகண்டு கணக்குல ஆகும். புதுசா ஓட்டறவன் அந்த இடத்துலதான் பதறுவான், இன்னும் கொஞ்சம் இழுப்போம்னு இழுப்பான், அப்புறம் எல்லாப் பெட்டியும் ஒண்ணா கவ்வி பிளாட்பாரத்துக்குள்ள பாதி, வெளிய பாதின்னு நிக்கும். சரி ரிலீஸ் பண்ணிட்டு மறுபடி போடலாம்னா அதுவும் ஆவாது. பைப்புல காத்து திரும்ப நெறையணும், ஒவ்வொரு பெட்டிக்குக் கீழ இருக்கற டேங்க்லயும் நெறையணும். நெறையறதுக்குள்ள திரும்பத் திரும்ப போட்டு எடுத்தீங்கன்னா கடைசில கைப்பிடி கையில இருக்கும், பிரேக் இருக்காது. எறக்கத்துல அப்படி ஆச்சுன்னா சோலி முடிஞ்சுது.

ஏற்காட்டுல இருந்து கீழ இறங்கற பஸ் டிரைவரப் பாத்திருக்கீங்களா? இருபது ஹேர்பின் பெண்டும் லோ கியர்லயே உருட்டிக் கொண்டாருவாரு, பிரேக்க தொட்டும் தொடாம வச்சுக்குவாரு. சனி ஞாயிறு ஜாலியா கார எடுத்துட்டு மேல போறவங்கதான் வழி பூரா பிரேக்க மிதிச்சுட்டே வந்து அடிவாரத்துல கருகுன வாசனையோட ஓரங்கட்டி நிக்கறது. ரயிலும் அந்தக் கணக்குதான், மேல இருக்கும்போதே கீழ என்ன பண்ணப் போறோம்னு தெரிஞ்சிருக்கணும். பேசஞ்சர் வண்டிக்கே இப்படின்னா மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏத்திட்டு ஓமலூர் வழியா போற கூட்ஸ யோசிங்க. 58 வேகன், லோடோட 5,000 டன் பக்கம் வரும். அவ்வளவு வெயிட்டும் சக்கரம் ஒவ்வொண்ணும் தண்டவாளத்த தொடற இடத்துல, ஒரு கட்டைவிரல் நகம் அளவு எடத்துலதான் நிக்குது. மழை தூறுனா அந்த எடமும் வழுக்கும், மண்ணு தூவித்தான் ஏத்தணும். இதெல்லாம் ஒழுங்கான சிமுலேட்டர்ல அப்படியே வரும். ஓபன் ரெயில்ஸ்னு ஒண்ணு இருக்கு, காசே இல்ல, 2001ல மைக்ரோசாஃப்ட் விட்ட பழைய டிரெயின் சிமுலேட்டருக்குப் பண்ண ரூட்டெல்லாம் அதுல ஓடும், நம்மூரு ஆளுங்க ஆசைக்குப் பண்ண டபிள்யூஏபி-7, டபிள்யூஏபி-4 எஞ்சினெல்லாம் கூட கெடைக்கும். ஆனா வீட்ல கேட்டா "அவ ரூம்ல கேம் ஆடிட்டு இருக்கா".

அடுத்தது இந்த பாஸ் (pause) போடற கதை, அதான் கேம பாதில அப்படியே நிறுத்தி வைக்கறது. "பாஸ் போட்டுட்டு வா, ரெண்டு நிமிஷம்தான்." எங்கம்மாவுக்கு அரிசி மூட்டைய நகத்தணும்னா, மாடில காயற வடகத்த எடுக்கணும்னா, அப்பாவுக்கு போன்ல வந்த ஓடிபி நம்பர படிச்சுக் காட்டணும்னா, அது எல்லாமே நான் ஸ்டேஷனுக்கு முன்னாடி பிரேக் போட்ட அந்த செகண்டுலதான் வரும். பாஸ் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா முள்ளு எங்க நிக்குது, வேகம் எப்படிக் கொறையுது, பிளாட்பாரம் எவ்வளவு தூரம், இது மூணும் சேந்து உடம்புல ஒரு கணக்கா ஓடிட்டு இருக்கும், எந்திரிச்சுப் போயி வடகத்த அள்ளிட்டு வந்து உக்காந்தா அந்தக் கணக்கு போயே போச்சு. பாஸ் போட மறந்துட்டு ஓடுனா அதுக்கு மேல. நிஜ எஞ்சின்ல விசிடின்னு ஒண்ணு இருக்கு, டிரைவர் முழிச்சுட்டு இருக்காரான்னு பாக்கறதுக்கு. 60 செகண்டுக்கு எதையும் தொடலன்னா லைட் மின்னும், அதுக்கும் அசையலன்னா பஸர் கத்தும், அதுக்கும் அசையலன்னா அதுவே பிரேக்கப் போட்டு நிறுத்திரும். நல்ல ஏற்பாடுதான், உசுரக் காப்பாத்தற விஷயம். ஆனா எங்க வீட்ல அந்த பஸர் கத்துனா "என்னடி அது கொய்யோன்னு கத்துது, மொதல்ல அத ஆஃப் பண்ணு"ன்னு சமையக்கட்டுல இருந்து சத்தம் வரும், நான் மாடிப்படில வடகத் தட்டோட நின்னுட்டு இருப்பேன், உள்ள என் வண்டி நடுக்காட்டுல நின்னுரும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேற, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக் கண்ணு ரயிலு". பெரியம்மா, சுரேகா யாதவ்னு ஒருத்தங்க 1989லயே ரயில்வேல அசிஸ்டென்ட் டிரைவரா சேந்து, நிஜ வண்டி ஓட்டி, 2023ல வந்தே பாரத்தே ஓட்டிட்டாங்க. நான் ரூமுக்குள்ள உக்காந்து பொம்ம வண்டி ஓட்டறதுக்கு ஊரு பூரா பஞ்சாயத்தா?

கரண்ட பத்தி சொல்லாம விட்டா இந்தப் பதிவு வேகாது. சித்திரை வைகாசில சாயங்காலம் ஜன்னல் வழியா ஏற்காடு மலையப் பாத்துட்டுத்தான் வண்டியவே எடுக்கறது. மலை மேல கருத்துட்டு வந்துச்சுன்னா ஒரு மணி நேர ஓட்டம்லாம் கனவு, காத்து அடிச்ச ஒடனே மினுக்னு போகும். மினுக்னு போயி மினுக்னு வந்துரும், ஃபேனுக்கு ஒண்ணும் ஆவாது, டிவிக்கு ஒண்ணும் ஆவாது, எனக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஆஃப் ஆயி மறுபடி மொதல்ல இருந்து பாஸ்வேர்டு. அரை மணி தாங்கும்னு சொல்லி தலைல கட்டுன யூபிஎஸ், டீ ஆறறதுக்குள்ள கூவிட்டு செத்துப் போகுது. கேட்டா "கேம்லாம் ஓட்டுனா அப்படித்தாங்க"ங்கறான் கடைக்காரன்.

இன்னொண்ணு எனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப நாளா எரியுது. படுத்தா ஹாரன் சத்தம் கேக்கற தூரத்துல ஜங்ஷன். பொம்மிடி தாண்டி லோகூர், டேனிஷ்பேட்டைன்னு சேர்வராயன் மலை அடிவாரத்த ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு வர்ற லைன் இருக்கு, சின்ன வயசுல இருந்து ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட்டுப் பாத்த லைன். எந்த வளைவுல மலை எந்தப் பக்கம் வரும்னு கண்ண மூடிட்டு சொல்லுவேன். ஆனா காசு குடுத்து வாங்கற பெரிய சிமுலேட்டர எடுத்தா ஜெர்மனி, இங்கிலாந்துதான் வருது. அங்க சிக்னல் வேற, சட்டம் வேற, ஜெர்மனில மஞ்ச சிக்னலக் கண்டுட்டேன்னு சில செகண்டுக்குள்ள பட்டன அமுக்கலன்னா அதுவே எமர்ஜென்சி பிரேக்கப் போட்டு அவமானப்படுத்திரும். பனி பெய்யற ஊருல நான் கரெக்டா கரெக்டா பட்டன அமுக்கிட்டு இருக்கேன், இங்க ஃபேன் காத்து பத்தாம கழுத்தெல்லாம் வேர்வை.

கடைசியா தம்பிய ஏஎல்பியா, அதாவது அசிஸ்டென்ட் டிரைவரா வச்சுக்கலாம்னு நெனச்சேன். நம்மூரு வண்டில ரெண்டு பேரு இருப்பாங்க, ஒவ்வொரு சிக்னலும் வர வர அசிஸ்டென்ட் சத்தமா சொல்லணும், லோகோ பைலட், அதான் மெயின் டிரைவர், அதத் திருப்பிச் சொல்லணும். பச்சை, டபுள் எல்லோ, எல்லோ, சிவப்பு, இவ்வளவுதான்டா, ஸ்கிரீனப் பாத்து சொல்லுன்னு கிளிப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்லிக் குடுத்து பக்கத்துல உக்கார வச்சேன். மொத நாலு சிக்னல் நல்லா கத்துனான். அப்புறம் மடில போன். நான் வேகத்தயும் முள்ளயும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருக்கேன், இவன்கிட்ட இருந்து சத்தமே காணோம், நிமிந்து பாக்கறதுக்குள்ள சிவப்பத் தாண்டி வண்டி பாதி உள்ள போயாச்சு, ஸ்கிரீன் பூரா தோத்துட்டேன்னு எழுத்து. "ஏன்டா சொல்லல?"ன்னா, "மொதல்லயே பாத்தேன்க்கா, சிவப்பாத்தான் இருந்துச்சு, எப்படியும் ஸ்டீயரிங்க ஒடிச்சு பக்கத்து லைன்ல போயிருவேன்னு நெனச்சேன்"ங்கறான்.