கூறு இருக்கா?

தம்பி மகள் நேற்று வீட்டுப்பாட நோட்டோடு வந்து, "பெரியப்பா, விஸ்டம்னா தமிழ்ல என்ன?" என்றாள். ஞானம் என்றேன். "அது சாமியாருக்குல்ல இருக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஞானம் என்றாலே நமக்குத் தாடியும் காவியும்தான் கண்ணில் வருகின்றன. அதன் மூலமான சமஸ்கிருத 'ஜ்ஞா'வுக்கு வெறுமனே அறிதல் என்றுதான் பொருள். ஆங்கிலத்து 'நோ'வும் (know) அந்த வகையறாதான். விஸ்டமில் இருக்கும் 'வைஸ்' வேறு குடும்பம். நம் வித்தையும் வேதமும் பிறந்த 'வித்' அதற்குப் பங்காளி. ஆதியில் பார்த்தல் என்ற பொருள். கண்டவனே அறிந்தவன்.

எனக்குப் பிடித்தது விவேகம். அதன் வேர் 'விச்', அதாவது பிரித்தெடுப்பது, தானியத்தைப் புடைத்துப் பதரைத் தள்ளுவது. இதைப் படித்த அன்று, திண்ணையில் சுளகோடு உட்கார்ந்திருக்கும் எங்கள் அப்பத்தாதான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்பத்தாவுக்கு மேலூர்ப் பக்கம். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எம்.காம். முடித்த நான், மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி தருவதாகச் சொன்ன ஓர் ஆளிடம் பணம் கட்டக் கிளம்பியபோது, புடைப்பதை நிறுத்தாமலே கேட்டது: "அம்புட்டு வட்டி குடுக்கிறவன் உன்கிட்ட எதுக்குடா வந்து நிக்கிறான்? பேங்குல கம்மி வட்டிக்கு வாங்க வேண்டியதுதானே? கூறு இருக்கா உனக்கு?"

கட்டினேன். போச்சு. (எவ்வளவு என்று கேட்காதீர்கள், வீட்டில் இதைப் படிப்பார்கள்.)

கூறுகெட்டவன் என்று திட்டு வாங்காதவன் மதுரையில் உண்டா? சந்தையில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். நல்லது ஒரு கூறு, அடிபட்டது ஒரு கூறு. அந்தக் கூறும் அப்பத்தா கேட்ட கூறும் ஒன்றுதான் என்பது என் கட்சி. சொல்லாராய்ச்சிக்காரர்கள் சண்டைக்கு வருவதானால் வரலாம். எதை எங்கே வைக்க வேண்டும் என்று பிரிக்கத் தெரியாதவன்தானே கூறுகெட்டவன்? 423ஆவது குறளில், யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்ப்பொருளைக் காண்பது அறிவு என்கிறாரே வள்ளுவர், அதுவும் சுளகு வேலைதான்.

சரி, பாப்பாவிடம் இத்தனையும் சொன்னேன். "அப்ப கூறுன்னே எழுதிரவா?" என்றாள். எழுதச் சொன்னேன்.

இன்று சாயங்காலம் நோட்டைக் காட்டினாள். கூறு சிவப்பு மையில் அடிபட்டு, பக்கத்தில் ஞானம் என்று இருந்தது. டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தாள். பொத்தினேன்.