உப்பு வண்டியைக் கவுத்துட்டானுங்க

இதை இப்பவே எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

நாங்க அஞ்சு பேரு, ஆட்டத்தை நடத்துற டிஎம்மையும் சேர்த்து. ஞாயித்துக்கிழமை ராத்திரி டிஸ்கார்டு ஆப்புல டி அண்ட் டி, அதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா மாறி கதை சொல்லி ஆடுற ஆட்டம். எல்ஃபும் டிராகனும் ஆடி ஆடி அலுத்துப்போச்சு, நம்ம உலகத்தை நாமளே சேர்ந்து கட்டுவோம்னு எவனோ ஒருத்தன் கிளப்பிவிட்டான். எவனோ என்ன எவனோ, நான்தான். அஞ்சு பேரு, அஞ்சு திணை, ஆளுக்கு ஒண்ணு, கூகுள் டாக்ல எழுதிக்குவோம்னு நல்லா வாய் கிழியச் சொன்னேன். எனக்கு நெய்தல் விழுந்துச்சு.

டாக்கோட முதல் பக்கத்திலேயே ஒரு பத்தி போட்டேன், தடிச்ச எழுத்துல. பாலைக்குன்னு தனியா நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயில்ல காஞ்சு தன் இயல்பு திரிஞ்சா அதுதான் பாலைன்னு சிலப்பதிகாரத்துல வருதில்ல, அதையே நம்ம உலகத்தோட அடிப்படை விதியா வெச்சுக்குவோம்னு. மழை தப்பினா காடு பாலையாகும். மழை திரும்பினா பாலை காடாகும். போன வருஷம் மாடு மேய்ச்சவன் இந்த வருஷம் வழிப்பறி பண்ணுவான். அடுத்த வருஷம் மழை பெஞ்சா அவன் மறுபடி மாட்டுக்குப் போவானா, இல்ல கத்தியோட ருசி விடாதா? ஒரு கேம்பெய்ன், அதான் பல செஷனா ஓடுற நீளக் கதை, அது முழுக்க ஆடலாமே இதை வெச்சு! எல்லாரும் கட்டைவிரல் போட்டானுங்க. 'சூப்பர் மச்சி'ன்னானுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு பாலைக்காரன் பதினாலு பக்கம் எழுதிட்டு வந்தான். மணல் மேடு. ஒட்டகம். மூவாயிரம் வருஷமா ஒரு சொட்டு மழை இல்லையாம். நடுவுல பிரமிடு, உள்ள மம்மி. டேய், மூவாயிரம் வருஷமா மாறாத பாலைன்னா மாறுற பாலை எங்கடா போச்சு? கேட்டா, "ஓ, அப்படி ஒரு விதி இருக்கா?"ங்கறான். முதல் பக்கம்டா! டாக்கைத் திறந்தா மூஞ்சியில அறையுற முதல் பக்கம்! அதைத் தாண்டித்தானே உன் பதினாலு பக்கத்தை ஒட்டினே?

சரி, அதையாவது பொறுத்துக்கலாம். குறிஞ்சிக்காரன் பண்ணினதுக்குத்தான் எனக்கு இன்னும் வயிறு எரியுது.

என் கேரக்டர் உமணன். கடற்கரை உப்பை வண்டியில ஏத்தி மலைக்குக் கொண்டுபோய், தேனுக்கும் மிளகுக்கும் மாத்துறவன். கணக்கெல்லாம் போட்டு வெச்சிருந்தேன். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு விதிப்படி சாதாரண நடையில ஒரு நாளைக்கு 24 மைல். எங்க மேப்புல கடற்கரையில இருந்து மலையடிவாரம் 120 மைல், அப்போ ஆளு நடந்தாலே அஞ்சு நாள். பாரம் ஏத்தின மாட்டு வண்டின்னா இன்னும் மேல. இடையில அந்த வருஷம் பாலை எங்க விழுந்திருக்கோ அதைச் சுத்திப் போகணும். சுத்தச் சுத்த உப்பு விலை ஏறும். விலை ஏறினா மலைக்காரன் கடுப்பாவான். கடல்ல இருந்து மலை வரைக்கும் மொத்த உலகத்தையும் என் ஒத்தை வண்டி கட்டி இழுத்துட்டுப் போகும்னு நினைச்சேன்.

குறிஞ்சிக்கார மகராசன், மலையில உப்புச் சுரங்கம் வெச்சுட்டான்.

ஒரே வரி. "குறிஞ்சியில் வற்றாத உப்புச் சுரங்கங்கள் உண்டு." முடிஞ்சுது. என் ஆளு இனிமே எதை விக்கப் போவான், காத்தையா?

மலையில உப்பு இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. பாறை உப்பு நிஜத்திலேயே இருக்கு. உமணரோட பொழைப்பைக் கெடுக்கணும்னு தெரிஞ்சே வெச்சிருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பேன், ஏன்னா அது கதை. இவனுக்கு உமணர் இருக்கறதே தெரியாது. கேட்டா இம்ப்ரோவ்ல, அதான் ஸ்கிரிப்ட் இல்லாம நடிக்கற நாடகத்துல, சொல்லுற 'ஆமா, அதோட' விதியைத் தூக்கிட்டு வர்றான். மத்தவன் வெச்சதை மறுக்கக் கூடாதாம், மேல சேர்க்கணுமாம். எதுக்கு ஆமா சொல்றேன்னே தெரியாம என்ன எழவு ஆமா?

மத்த ரெண்டு பேரைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. முல்லைக்காரன் ரெண்டு மாசத்துல எழுதினது "இங்க ஆடு மாடு இருக்கு". டிஎம் மருதத்துக்கு எட்டுத் தலைமுறை ராஜா பரம்பரை எழுதியிருக்கான், அவனுக்கே பேர் ஞாபகம் இல்ல.

எழுத ஆள் வரமாட்டானுங்கன்னுதான் ஆரம்பத்துல பயந்தேன். இங்க எழுதறதுக்கா பஞ்சம்? அடுத்தவன் எழுதினதைப் படிக்கத்தான் ஒரு நாய் கிடையாது. அஞ்சு பேரும் அஞ்சு தனி உலகம் எழுதி ஒரே டாக்ல ஒட்டி வெச்சிருக்கோம்.

2011-ல பென் ராபின்ஸ் மைக்ரோஸ்கோப்னு ஒரு கேம் போட்டாரு, உலக வரலாற்றை எல்லாரும் சேர்ந்து கட்டுறதுதான் ஆட்டமே. எது இருக்கலாம், எது கூடவே கூடாதுன்னு முதல்லயே பட்டியல் போட்டுடணும். உன் முறை வந்தா நீ மட்டும்தான் சொல்லணும், பக்கத்துல இருக்கறவன் யோசனை சொல்லக் கூடாது. ஆனா ஏற்கெனவே மேசையில இருக்கறதுக்கு முரணா எதையும் வைக்கவும் கூடாது. எழுதுறது சின்ன இண்டெக்ஸ் கார்டுல. ரெண்டு வரிக்கு மேல இடம் இல்ல, எல்லார் கண்ணு முன்னாடியும் கிடக்கும், படிக்கலேன்னு எவனும் புளுக முடியாது. அது ஏன் டாக் இல்லாம கார்டுன்னு எனக்கு இப்பத்தான் உறைக்குது. முப்பத்தெட்டுப் பக்க டாக்குங்கறது ஒளிஞ்சுக்க நல்ல இடம்.

போன ஞாயிறு எல்லாத்தையும் கொட்டித் தீர்த்துட்டேன். அடுத்த செஷன்ல இருந்து கார்டு, இல்லேன்னா நான் வரல. எல்லாரும் அமைதியா கேட்டானுங்க. குறிஞ்சிக்காரன் மன்னிப்புக்கூட கேட்டான், சுரங்கத்தை எடுத்துடறேன்னான். எனக்கே கொஞ்சம் பாவமா போச்சு.

இப்போ, ராத்திரி பதினொண்ணே காலுக்கு, டாக்ல அவன்கிட்ட இருந்து ஒரு கமெண்ட் வந்திருக்கு, என் கேரக்டர் பக்கத்துல: "மச்சி, இந்த உமணர்னா என்ன, ஏதாச்சும் பூதமா?"